உறுதிமொழியும் மனச்சாட்சியும்: ஒரு வரலாற்றுப் பாடம்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஓராண்டில் எத்தனை உறுதிமொழிகள் வாசிக்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். அன்றாட உறுதிமொழி ஒன்று. அது போக, ஜனவரி 25 வாக்காளர் தினம், ஜனவரி 30 தீண்டாமை ஒழிப்பு, பிப்ரவரி 9 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்பு, செப்டம்பர் 17 சமூகநீதி நாள், அக்டோபர் 31 தேசிய ஒற்றுமை நாள் என்று பட்டியல் நீள்கிறது. சுற்றறிக்கை வரும். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கை நீட்டித் திருப்பிச் சொல்வோம். புகைப்படம் எடுத்து அனுப்புவோம். அத்துடன் அந்த வேலை முடிந்துவிடும்.

உறுதிமொழி என்றால் என்ன, அதைச் சொல்லாமல் இருந்தால் என்ன பொருள் என்று நான் யோசித்ததே இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை யோசிக்க வைத்தாள்.

ஓசூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சிப்காட் ஆலைகளில் வேலை செய்வோரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் அதிகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் எங்கள் ஊருக்குப் பழைய மொழிகள். இப்போது ஒடியா, வங்காளம், இந்தி பேசும் குடும்பங்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த மாணவியின் தந்தை ஒடிசாவிலிருந்து வந்து இங்கே ஓர் ஆலையில் பணிபுரிகிறார். அவள் தமிழை நன்றாகவே பேசுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எல்லாரும் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. கை நீட்டியிருந்தது, நேராகத்தான் நின்றாள், உதடு மட்டும் அசையவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லார் முன்னிலையிலும் அவளை வெளியே அழைத்து, தனியாகச் சொல்லச் சொன்னேன். தலை குனிந்து நின்றாளே தவிர, சொல்லவில்லை. "நாட்டு மேல மரியாதை இல்லையா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

மதிய உணவு நேரத்தில் அவளே வந்தாள். "எல்லாரும் உடன்பிறந்தவங்கன்னு சொல்லச் சொல்றீங்க டீச்சர். ஆனா வகுப்புக்கு வந்ததும் 'ஏய் இந்தி'ன்னுதான் என்னைக் கூப்பிடறாங்க. எனக்கு இந்தி அவ்வளவா தெரியாது. வீட்ல ஒடியாதான் பேசுவோம். சும்மா பொய்யா சொல்ல எனக்குப் பிடிக்கல டீச்சர்."

அவமரியாதை என்று நான் எண்ணிய அந்த மௌனத்தில், உறுதிமொழியின் மீது அவளுக்கு இருந்த மதிப்புதான் இருந்தது. நாங்கள் தினமும் ஒப்பிக்கும் சொற்களை உண்மையாகவே எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். இதை அறிவுரையாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. பாடமாக நடத்தலாம் என்று தோன்றியது. அதற்காகத் தேடிப் படித்தவற்றையும், இரண்டு பாடவேளைகளில் வகுப்பில் நடந்தவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

மன்னர்கள் ஏன் சத்தியம் கேட்டார்கள்?

பாடத்தைக் கற்பூரத்திலிருந்து தொடங்கினேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வது, தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது எல்லாம் மாணவர்களுக்குத் தெரிந்தவை. "பொய்ச் சத்தியம் செய்தால் சாமி கண்ணைக் குத்தும்" என்றான் ஒருவன். அந்த அச்சத்தின் மீதுதான் பழைய அரசுகள் சத்தியத்தை நிறுத்தின. ஒருவரின் உள்ளத்துக்குள் புகுந்து பார்க்க எந்த அரசராலும் முடியாது. ஆகவே கடவுளைச் சாட்சியாக நிறுத்தி, அவரவர் உள்ளத்தையே அவரவருக்குக் காவலாக வைத்தார்கள்.

தமிழக வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. சோழர் காலத்து வேளைக்காரப் படையினர், உயிர் கொடுத்தேனும் காப்போம் என்று சபதம் ஏற்ற வீரர்கள். இலங்கையின் பொலன்னறுவையில் உள்ள அவர்களின் தமிழ்க் கல்வெட்டு, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காக்க அவர்கள் ஏற்ற பொறுப்பைச் சொல்கிறது. நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் காணப்படும் நடுகற்களையும் இந்த இடத்தில் நினைவூட்டினேன். கொடுத்த வாக்குக்காகவும் ஊரின் ஆநிரைக்காகவும் உயிர் விட்டவர்களை மதித்த மண் இது.

ஆனால் சாதாரணக் குடிமக்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கர்னல் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். அவருக்குத் துணையாக வந்தவர் தாமஸ் மன்றோ. நேற்றுவரை மைசூருக்கு வரி கட்டிய உழவர், மறுநாள் கம்பெனியின் குடிமகன். நிலத்தோடு சேர்த்து மக்களின் விசுவாசத்தையும் கைமாற்றிவிட முடியும் என்பதுதான் அன்றைய எண்ணம்.

சொல்லாமல் இருப்பது குற்றமா?

அடுத்ததாக இங்கிலாந்துக்குச் சென்றோம். அங்கே நடந்தது பின்னர் இந்தியச் சட்டத்திலும் தடம் பதித்தது.

மன்னர் எட்டாம் ஹென்றி தம் முதல் திருமணத்தை விலக்கி, ஆன் போலினை மணந்தார். அவர்களின் வாரிசுகளை ஏற்பதாக எல்லாரும் சத்தியம் செய்ய வேண்டும் என்று 1534-இல் சட்டம் வந்தது. மன்னரின் தலைமை அமைச்சர்களில் ஒருவராக இருந்து 1532-இல் பதவி விலகிய தாமஸ் மோர் அதற்கு இணங்கவில்லை. வாரிசுரிமையை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும் என்பதில் அவருக்கு மறுப்பில்லை. சத்தியத்தில் எழுதப்பட்டிருந்த வாசகத்தைத்தான் மனச்சாட்சி ஏற்கவில்லை என்றார். காரணத்தையும் வெளியே சொல்லவில்லை. லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். விசாரணையில் அவர் எடுத்துவைத்த வாதங்களில் ஒன்று, சட்டத்தின் கண்ணில் மௌனம் சம்மதமாகவே கொள்ளப்படும், மறுப்பாக அல்ல என்பது. அந்த வாதம் எடுபடவில்லை. 1535 ஜூலை 6 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது.

மாணவர்களிடம் மோரை வீரராக மட்டும் காட்டி நிறுத்திவிடக் கூடாது. அவரே அதிகாரத்தில் இருந்தபோது, மதக் கருத்தில் மாறுபட்டவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார். தன் மனச்சாட்சிக்காக உயிரையே கொடுத்தவர், பிறர் மனச்சாட்சிக்கு இடம் கொடுக்கவில்லை. கரும்பலகையின் ஒரு மூலையில் இதை எழுதி வைத்தேன். பாடத்தின் பிற்பகுதியில் இது திரும்பவும் தேவைப்பட்டது.

அதன்பின் வந்த மாற்றங்களை விரைவாகச் சொன்னேன். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் எந்தச் சத்தியமும் செய்ய மறுத்தார்கள். 'எப்போதும் உண்மையே பேச வேண்டியவன், இப்போது மட்டும் உண்மை பேசுகிறேன் என்று ஏன் சத்தியம் செய்ய வேண்டும்?' என்பது அவர்களின் நியாயம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், சத்தியத்துக்குப் பதிலாக 'உளமார உறுதி கூறுதல்' அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டது.

1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். சத்தியத்துக்குப் பதில் உறுதி கூறுகிறேன் என்றார், நாடாளுமன்றம் அனுமதிக்கவில்லை. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார், அதையும் அனுமதிக்கவில்லை. தொகுதி மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-இல்தான் அவரால் உறுப்பினராக அமர முடிந்தது. 1888-இல் வந்த சட்டம், உறுதி கூறும் உரிமையை எல்லாருக்கும் பொதுவாக்கியது. அந்தப் பிராட்லா 1889-இல் பம்பாயில் நடந்த இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். 1891-இல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்.

தொரப்பள்ளியில் பிறந்தவரும் மன்னரின் உறுதிமொழியும்

இனி நம் ஊர்க் கதை. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது. எங்கள் மாணவர்களில் சிலர் பேருந்தில் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறார்கள். 'ராஜாஜி வீடு' என்று சொல்லத் தெரியும். அவரைப் பற்றிக் கேட்டால், 'உப்புச் சத்தியாகிரகம்' என்பதோடு பதில் நின்றுவிடும்.

1878 டிசம்பர் 10 அன்று பிறந்த அவர் ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டமும், சென்னையில் சட்டமும் படித்தார். சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞரானார். ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

அன்றைய அரசு விசுவாசத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு இராஜத் துரோகச் சட்டமே சான்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவு, அரசின்மீது வெறுப்பையோ அன்பின்மையையோ தூண்டுவதைக் குற்றமாக்கியது. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தண்டிக்கப்பட்டது இந்தக் குற்றச்சாட்டில்தான். சிவா தம் இறுதி நாள்களைக் கழித்துக் கண்மூடிய பாப்பாரப்பட்டி, நம் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1922 மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் இதே பிரிவின்கீழ் நின்ற காந்தி, அன்பு என்பது சட்டம் போட்டு வரவழைக்கக் கூடியதல்ல என்ற கருத்தை நீதிபதியிடமே சொன்னார். ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் சிறையில் இருந்தபோது காங்கிரசுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. சட்டமன்றத்துக்குள் நுழைந்து போராடலாம் என்றார்கள் சி.ஆர்.தாசும் மோதிலால் நேருவும். கூடாது என்றவர்களுக்கு 1922 டிசம்பரில் கயா மாநாட்டில் ராஜாஜி தலைமை தாங்கினார். உள்ளே நுழைந்தால் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி கூறித்தான் இருக்கையில் அமர முடியும். ஆட்சியோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று சிறை சென்றவர்கள் அதை எப்படிச் சொல்வது?

1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் கூடி வேறோர் உறுதிமொழியை ஏற்றார்கள். அது முழு விடுதலைக்கான உறுதிமொழி. அந்நிய ஆட்சிக்கு இனியும் கட்டுப்பட்டிருப்பது மனிதருக்கும் கடவுளுக்கும் செய்யும் குற்றம் என்ற கருத்து அதில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்.

ஏழே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி நடந்த தேர்தலில் காங்கிரஸ் வென்றது. உறுப்பினர்கள் மன்னருக்கும் அவர்தம் வாரிசுகளுக்கும் உண்மையான விசுவாசம் காட்டுவதாக உறுதி கூற வேண்டும். இந்த உறுதிமொழி விடுதலைக் கோரிக்கையைச் சிறிதும் குறைக்காது என்று காங்கிரஸ் வெளிப்படையாகவே அறிவித்தது. 1937 மார்ச்சில் டெல்லியில் கூடிய காங்கிரஸ் உறுப்பினர்கள், நாட்டின் விடுதலைக்கு உழைப்போம் என்று தங்களுக்குள் வேறோர் உறுதிமொழியும் எடுத்துக்கொண்டார்கள். ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார்.

இங்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. இது பொய்தானே டீச்சர்?" என்றது ஒரு பக்கம். "முன்னாடியே சொல்லிட்டுத்தானே எடுத்தாங்க? ஏமாத்தினாத்தான் பொய்" என்றது மறுபக்கம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அயர்லாந்தின் டி வலேராவையும் எடுத்துக்காட்டினேன். மன்னருக்கான உறுதிமொழியை ஐந்தாண்டுகள் மறுத்தவர், 1927-இல் இது வெறும் சடங்கு என்று சொல்லிக் கையெழுத்திட்டு உள்ளே நுழைந்தார். ஆட்சிக்கு வந்ததும், 1933-இல் அந்த உறுதிமொழியையே நீக்கினார். கட்டாயப்படுத்திப் பெறும் உறுதிமொழி, நேர்மையானவரைத்தான் அதிகம் வருத்துகிறது. நேர்மை இல்லாதவருக்கு அதைச் சொல்வதில் எந்தச் சிரமமும் இல்லை. இந்த முடிவுக்கு மாணவர்கள் தாங்களாகவே வந்தார்கள்.

அதிகாரத்தில் அமர்ந்த பின்

தொரப்பள்ளிக்காரர் என்ற பெருமையோடு பாடத்தை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அது முழு வரலாறாகாது.

1938-இல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழறிஞர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பெரியார் சிறை வைக்கப்பட்டார். கைக்குழந்தைகளோடு பெண்களும் சிறை சென்றார்கள். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தார்கள். முன்பு காங்கிரசாரே கண்டித்த அடக்குமுறைச் சட்டம் இப்போது இவர்கள்மீது பாய்ந்தது.

கரும்பலகை மூலையில் எழுதியிருந்ததை ஒரு மாணவன் சுட்டிக்காட்டினான்: "தாமஸ் மோர் மாதிரியே டீச்சர்." ஆம். மனச்சாட்சியின் பெயரால் சிறை சென்ற ஒருவர், ஆட்சியில் அமர்ந்ததும் வேறு மனச்சாட்சிகளைச் சிறைக்கு அனுப்பினார். அவரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலே போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து அவரது அமைச்சரவை பதவி விலகியது. பதவியை விடத் தயங்காதவர்தான். கட்டாய இந்தி ஆணை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

ஒருவரின் பெருமையையும் பிழையையும் ஒரே பாடத்தில் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் குழம்பவில்லை. நான்தான் சங்கடப்பட்டேன். வகுப்பில் அதிகாரம் என் கையில்தானே இருக்கிறது? கூட்டத்துக்கு நடுவே ஒரு சிறுமியை வெளியே நிறுத்தியவள் நான்தானே? இந்தித் திணிப்பை எதிர்த்த வரலாற்றை உணர்ச்சியோடு நடத்தும் என் வகுப்பில், ஒடியா பேசும் பிள்ளையை 'இந்தி' என்று கூப்பிடுகிறார்கள். அது என் காதில் விழவே இல்லை. அவளுடைய தாய்மொழி எது என்றுகூட நான் கேட்டிருக்கவில்லை.

மன்னரிடமிருந்து அரசமைப்புக்கு

1947 ஆகஸ்டில் விடுதலை வந்தபின்னும், 1950 ஜனவரி வரை இந்தியா பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட டொமினியனாகவே இருந்தது. மாணவர்கள் பலருக்கு இது புதுச் செய்தி. 1948 ஜூன் 21 முதல் அந்த மன்னரின் சார்பில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. அப்பதவியை வகித்த ஒரே இந்தியர் அவர்தான். 1950 ஜனவரி 26 காலை, இந்தியா குடியரசானது என்ற பிரகடனத்தை வாசித்தவரும் அவரே. விடுதலை உறுதிமொழி எடுத்த அதே ஜனவரி 26. அடுத்து, இராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராக உறுதி ஏற்றார்.

அந்த நாளில் விசுவாசத்தின் இலக்கு மாறியது. முன்பு ஒரு மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் கூறிய உறுதியை, இப்போது சட்டத்தால் நிறுவப்பட்ட அரசமைப்புக்குக் கூறுகிறோம். மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழிகளைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். 'கடவுளின் பெயரால் ஆணையிட்டு' என்றும் சொல்லலாம், 'உளமார உறுதி கூறி' என்றும் சொல்லலாம். கடவுளின் பெயர் வேண்டுமா வேண்டாமா என்று அரசியல் நிர்ணய சபையில் விவாதம் நடந்தது. எச்.வி.காமத் போன்றோர் வேண்டும் என்றார்கள். இறுதியில் இரண்டுக்கும் இடம் தரப்பட்டது. குவேக்கர்களும் பிராட்லாவும் கேட்ட உரிமை, நம் அரசமைப்பின் வாசகத்திலேயே அமைந்துவிட்டது. தமிழகச் சட்டமன்றத்தில் பதவியேற்பு நடக்கும்போது யார் எதைச் சொல்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் ஆர்வத்தோடு குறித்து வருவார்கள்.

உறுதிமொழி வெறும் சடங்கல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உறுதி ஏற்காமல் சட்டமன்றத்தில் அமர்ந்து வாக்களிப்பவருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது 193ஆம் உறுப்பு. திராவிட நாடு கோரிக்கை எழுந்திருந்த சூழலில், 1963-இல் வந்த 16ஆவது திருத்தம் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்பதை உறுதிமொழியில் சேர்த்தது. தி.மு.க. அக்கோரிக்கையைக் கைவிட்டுத் தேர்தல் பாதையைத் தொடர்ந்தது. 1967-இல் மக்கள் வாக்கால் ஆட்சிக்கும் வந்தது. குடியரசிலும் உறுதிமொழிக்கு எடை உண்டு.

மௌனமாக நிற்கும் மாணவர்

பதவி ஏற்பவர் விரும்பித்தான் பதவிக்கு வருகிறார். பள்ளிப் பிள்ளைகளின் நிலை வேறு. ஆசிரியர்களாகிய நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு.

கேரளத்தில் 1985 ஜூலையில், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும், பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு மாறானது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பிஜோ இமானுவேல் எதிர் கேரள அரசு என்ற அவ்வழக்கில், 1986 ஆகஸ்டு 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, மரியாதையாக எழுந்து நிற்பவர் கீதத்தை அவமதித்தவர் ஆகார், அவர்களை நீக்கியது 19ஆம் உறுப்பின் கருத்துச் சுதந்திரத்துக்கும் 25ஆம் உறுப்பின் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கும் எதிரானது என்றது. பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது.

தாமஸ் மோரின் மௌனத்தை மன்னராட்சி மரண தண்டனைக்குரியதாகக் கண்டது. நம் குடியரசு மூன்று பள்ளிப் பிள்ளைகளின் மௌனத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு நான் எதுவும் விளக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த மாணவி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

எட்டு முதல் பத்து வகுப்பு வரை இதைப் பயன்படுத்தலாம். பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டத்தையும் அரசமைப்பையும் நடத்தும்போது இணைத்துக்கொள்ளலாம்.

1. மூன்று உறுதிமொழிகள்: 1930 விடுதலை உறுதிமொழி, 1935 சட்டத்தின் விசுவாச உறுதிமொழி, இன்றைய சட்டமன்ற உறுப்பினரின் உறுதிமொழி ஆகியவற்றின் சுருக்கத்தைக் குழுக்களுக்குக் கொடுங்கள். யாருக்கு உறுதி? எதைச் செய்ய? மறுத்தால் என்ன ஆகும்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

2. விவாதம்: 'ராஜாஜி 1937-இல் உறுதிமொழி எடுத்தது சரியா?' பாதி நேரம் கழித்து அணிகளை இடம் மாற்றுங்கள். எதிர்த் தரப்பின் நியாயத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

3. உறுதிமொழியின் கதை: நாம் தினமும் சொல்லும் தேசிய உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். 1962-இல், விசாகப்பட்டினத்தில் அரசு அலுவலராக இருந்தபோது, தெலுங்கில் எழுதினார். இதைச் சொன்னதும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட எங்கள் மாணவர்களின் முகம் மலர்ந்தது. உறுதிமொழியை அவரவர் தாய்மொழியில் பெற்றோரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். எங்கள் வகுப்பில் ஆறு மொழிகளில் வந்தது. ஆறையும் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

4. நம் வகுப்பின் உறுதிமொழி: தன்னால் உண்மையிலேயே கடைப்பிடிக்க முடிந்த ஒரே ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது, படித்துக் காட்டும் கட்டாயமும் கிடையாது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் மூன்றாம் செயல்பாட்டைக் கதையாகவும், நான்காவதைப் படமாக வரையச் சொல்லியும் செய்யலாம். வசதியுள்ளவர்கள் தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே அமர்ந்து விவாதத்தை நடத்தலாம்.

நான்காம் செயல்பாட்டில் பலரும் 'தினமும் படிப்பேன்' என்றுதான் எழுதினார்கள். பின்வரிசை மாணவன் ஒருவன், 'யாரையும் அவங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்' என்று எழுதியிருந்தான். வகுப்பே அதைத் தன் உறுதிமொழியாக ஏற்றது. அது முழுமையாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மறந்துபோய்ப் பழையபடி கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் இருப்பவர் இடித்துத் திருத்துகிறார். அவள் தன் பெயரை ஒடியாவில் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு ஆண்டுகளாக வருகைப் பதிவேட்டைப் பார்த்து நானே அதைத் தவறாகத்தான் வாசித்துவந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், அவளை நிறுத்திய அதே இடத்தில் நின்று, நான் செய்தது தவறு என்று எல்லார் முன்னும் சொன்னேன். தலைமையாசிரியர் புன்னகைத்தார். மாணவர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

இப்போது சில நாள் அவள் உதடு அசைகிறது, சில நாள் அசைவதில்லை. நான் அதைக் கவனிப்பதில்லை. கூட்டம் முடிந்து வகுப்புக்குள் வந்ததும் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கிறேன்.